எளிய கையும் இறைவன் பணியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று சங்கத்தாரை வினவியபோது, "நம் குடும்பங்களுக்கு இந்நாளில் எது வேண்டுமோ அதைப் பேசுங்கள்" என்று கூறி, பொருளைத் தேரும் பொறுப்பை நம்மிடமே விட்டனர். இலக்கியம் பேசலாம், இசை பேசலாம். ஆயினும், நம் லைன் வீடுகளில் மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து பேசுவோர் வாயில் அடிக்கடி எழும் சொல் ஒன்று உண்டு. "நம்மால் என்ன ஆகும்?" என்பதே அச்சொல். மகளை மேற்படிப்புக்கு அனுப்பலாமே என்றால், நம்மால் என்ன ஆகும் என்கிறோம். தெருவில் நூலகம் ஒன்று வைக்கலாமே என்றால், நம்மால் என்ன ஆகும் என்கிறோம். அதற்கு அடுத்து, "எல்லாம் ஆண்டவன் பார்த்துக் கொள்வான்" என்றும் சொல்லிக் கொள்கிறோம். இவ்விரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று உறவுடையனவா, பகையுடையனவா என்பதை ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம்.

இச்சங்கத்தில் சிவனை வணங்குவோர் உளர். திருமாலை வணங்குவோர் உளர். தேவாலயம் செல்வோர் உளர். பள்ளிவாசல் செல்வோர் உளர். மாரிக்குப்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் புத்தர் பெருமானின் அறத்தைப் போற்றுவோரும் உளர். ஆகவே, ஒரு சமயத்தின் கொள்கையை நிலைநாட்ட நாம் இங்கு வரவில்லை. மெலிந்தவன் கையிலும் மேலான பணி நடக்குமா என்னும் வினா எல்லோர்க்கும் பொதுவானது. அதனையே பேச வந்துள்ளோம்.

நம் ஊரின் நிலை

முதலில் நம் ஊரையே எண்ணிப் பார்ப்போம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இம்மண்ணில் கால் வைத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும், சித்தூரிலிருந்தும், சேலத்திலிருந்தும் நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தனர். நிலமில்லாதார் பலர், எழுத்தறியாதார் பலர், பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் ஊரை விட்டு வந்தார் பலர். அவர்கள் கொண்டுவந்த முதல் இரண்டு கைகளே. அக்கைகள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை பூமியைக் குடைந்தன. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தபோது, நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் விளக்கு எரியவில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இங்கிருந்து வெளிப்பட்டது என்பர்.

அத்தங்கத்தில் நம் தாய்மார்களின் கழுத்துக்கு வந்தது எவ்வளவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு எஞ்சியவை சயனைட் மேடுகளும், கல்தூசியால் நுரையீரல் கெட்ட தந்தையரின் இருமலும், பாறை வெடிப்பில் மறைந்தோரின் படங்களுமே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் உரிகத்திலும் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்பி வருகின்றனர். நிலுவைத் தொகைக்கும் வீட்டுரிமைக்கும் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று.

இத்தகைய ஊரில் "நம்மால் என்ன ஆகும்?" என்னும் சொல் பிறப்பது வியப்பன்று. அதைச் சொல்வோரைச் சோம்பர் என்று இகழ்தல் முறையன்று. ஆனால் அச்சொல்லுக்கு விடை உண்டா என்று தேடுதல் முறை. அவ்விடையை நெடுந்தொலைவு சென்று தேடவும் வேண்டாம். பங்காருப்பேட்டையில் இரயில் மாறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கினால் போதும். நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நம்மில் பலர் சென்ற வழிதான் அது. ஆம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் குறிப்பிடுகின்றோம்.

ஒரு படுக்கையில் தொடங்கிய பணி

இன்று அம்மருத்துவமனையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். இந்த ஆலமரத்தின் விதை எத்துணைச் சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஐடா சோபியா ஸ்கட்டர் என்னும் அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் மருத்துவர், தந்தையார் மருத்துவர், இருவரும் சமயப் பணிக்காக அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். ஆனால் இளம் ஐடாவுக்கு அப்பணியில் விருப்பமில்லை. பஞ்சத்தையும் பிணியையும் சிறு வயதிலேயே கண்டு, இந்நாட்டை விட்டு அகன்று வாழவே அவர் விழைந்தார். அமெரிக்காவில் பயின்று கொண்டிருந்தவர், தாயார் நோயுற்றமையால் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு நிகழ்ந்ததை வேலூர் வட்டாரம் நன்கறியும். பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவரை வந்து அழைத்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்குலத்து இந்து. "எம் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு இசையோம் என்று மூவரும் திரும்பினர். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அவையோரே! இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருப்போம். இதில் நாம் உற்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவ்விரவில் ஐடாவிடம் இரக்கம் இருந்தது, இறைநம்பிக்கையும் இருந்தது. கல்வி இல்லை. அவர் அழுதிருக்கலாம், வேண்டியிருக்கலாம், மூன்று உயிர்கள் போனவை போனவையே. ஆகவே, வேண்டுதல் ஒன்றே போதும் என்று இக்கதை நமக்குச் சொல்லவில்லை. தம்மிடம் இல்லாதது எது என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். அதைத் தேடிக்கொள்ளப் புறப்பட்டார். 1895-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களை மருத்துவம் பயில ஏற்றுக்கொண்ட தொடக்கத்திலேயே அங்குச் சேர்ந்து, 1899-ல் பட்டம் பெற்றார். தம் குறையை அறிந்து, அக்குறையை நீக்க உழைப்பதும் இறைவனை நம்புவதன் ஒரு பகுதியே ஆகும்.

மருத்துவமனை கட்ட எண்ணாயிரம் டாலர் திரட்டுமாறு அவரைப் பணித்தனர். நியூயார்க்கில் ஓர் அம்மையாரிடம் சென்று அவர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டிலிருந்த ஷெல் என்னும் வங்கியாளர் அதைக் கேட்டார். மறைந்த தம் மனைவியாரின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். இதனை அருள் என்போம். ஆயினும், ஐடா அம்மையார் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அவ்வருள் எவ்வழியாக வந்திருக்கும்?

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகித் தொழில் தேர்ச்சி பெறலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் தந்தையார் அவ்வாண்டு மே மாதமே காலமானார். தனித்து நின்றவர், பழுத்த பட்டறிவு இல்லாத இளம்பெண். வீட்டின் ஒரு சிற்றறையே மருந்தகம். ஒரு படுக்கையே மருத்துவமனை. அச்சிற்றிடத்தில் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது.

பின்னர் மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி அவரே சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில், மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். நாம் இரயிலில் கடந்து செல்லும் அதே குடியாத்தம்தான். 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் மருத்துவம் பயில முன்வருவார்களா என்று ஐயுற்றோர் இருந்தனர். முதலாண்டில் விண்ணப்பித்தவர்களோ 151 பேர். 1922-ல் அம்முதல் அணியிலிருந்து பதினான்கு பெண்கள் மருத்துவராக வெளிவந்தனர். திண்டிவனத்தில் அன்று இல்லாத பெண் மருத்துவர் ஒருவருக்கு ஈடாகப் பதினால்வர்!

1930-களின் இறுதியில் மற்றோர் இடி விழுந்தது. மருத்துவப் பள்ளிகள் பட்டப்படிப்புக் கல்லூரிகளாக உயர்ந்தாலன்றி இயங்க இயலாது என்னும் நிலை சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. அம்மையாருக்கு அப்போது அறுபத்தேழு வயது கடந்துவிட்டது. ஓய்வு பெற்றிருக்கலாம், கையிலோ பணமில்லை. ஆனால் மீண்டும் கடல் கடந்து சென்று, ஊர் ஊராகப் பேசி, பொருள் திரட்டினார். 1942-ல் பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. 1947-ல் ஆடவரும் மாணவராகச் சேர்ந்தனர். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கோடைக்கானலில் அவர் மறைந்தபோது, ஒற்றைப் படுக்கை ஒரு பெருநிலையமாகியிருந்தது.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

பொருட்குறைவு ஒரு வகை மெலிவு. உடலே ஒடுங்கிவிடுவது மற்றொரு வகை. அதற்கும் வேலூரே நமக்குச் சான்று தருகிறது.

மேரி வர்கீஸ் என்னும் மங்கையார் 1925-ல் கொச்சிச் சீமையின் செராயில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர். மகளிர் மருத்துவத்தில் வல்லவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தோழர் தோழியருடன் உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. முப்பது வயதும் நிரம்பாத மருத்துவர், இனி நடக்க இயலாத நோயாளியானார்.

சுரங்க ஊரினராகிய நமக்கு இத்துன்பம் எத்தகையது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கூண்டில் நிமிர்ந்து இறங்கியவன் தூக்குப் படுக்கையில் வந்த காட்சியைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அக்குடும்பங்களில் பல நாள் ஒலித்த வினா "ஏன்?" என்பதே. மேரி அம்மையாரும் அவ்வினாவைக் கடந்தே வந்திருப்பார். கால்கள் திரும்ப வேண்டும் என்று அவருக்காக வேண்டிக் கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். கால்கள் திரும்பவில்லை. இதை நாம் மறைத்துப் பேசினால் துன்புறுவோர்க்கு நாம் செய்வது உதவியாகாது.

அந்நாளில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் 1914-ல் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை 1940-களின் இறுதியில் அங்கு வளர்த்தவர். தொழுநோயாளியின் கை அழிவதற்குக் காரணம் வலியுணர்வு அற்றுப்போதலே என்று கண்டு காட்டியவரும் அவரே. கை அறுவையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம். எனவே, மேரி அம்மையார் அமர்ந்து செய்யத்தக்க அப்பணிக்கு வரலாம் என்று அவர் ஊக்கினார்.

மேரி அம்மையார் இணங்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யலானார். இக்காட்சியைச் சற்றே மனக்கண்ணால் காணுங்கள். வந்தவர்க்குக் கால் உண்டு, கை பயன்படவில்லை. மருத்துவர்க்குக் கை உண்டு, கால் பயன்படவில்லை. உலகம் இருவரையும் "பாவம்" என்று சொல்லி ஒதுக்கியிருக்கும். அவ்விருவரும் சேர்ந்த இடத்தில் ஒரு விரல் நிமிர்ந்தது. ஒரு குவளையைப் பிடித்தது. ஒரு பிடி சோற்றை எடுத்தது.

அவர் அத்துடன் அமையவில்லை. தம்மைப்போல் தண்டுவடம் முறிந்தோர்க்கு இந்நாட்டில் போக்கிடம் இல்லை என்பதை உணர்ந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, தம்மைத் தாமே கவனித்துக் கொள்ளப் பழகினார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பாரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1963-ல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966-ல் உடல் முடங்கியோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், படுக்கைப்புண் வாராமல் காத்தல், கைத்தொழில் கற்று ஊர் திரும்புதல் ஆகியவற்றைப் பயிற்றுவிப்பதே இத்தகைய நிலையத்தின் பணி. 1972-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ல் அவர் மறைந்தார். அவர் கண்ட நிலையம் பணியைத் தொடர்கின்றது.

"உன்னால் முடியும்" என்று நடப்பவன் சொன்னால் முடங்கியவன் நம்புவானா? அதே நாற்காலியில் அமர்ந்தவர் சொன்னபோது நம்பினான். எந்தக் குறை அவரைப் பணியினின்றும் விலக்கும் என்று தோன்றியதோ, அந்தக் குறையே அப்பணிக்கு அவருடைய தகுதிச் சான்றாயிற்று. இதனையே நாம் இறைவன் செயல் என்கின்றோம்.

நம்பிக்கையும் கடமையும்

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறுவன சில உள.

முதலாவது, இறைவனை நம்புதல் என்பது கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு அவனை நம்புதலாகும். ஒன்றும் கொடாமல் முழுவதற்கும் அவனை நம்புதல் நம் சோம்பலுக்கு நாம் இட்ட நற்பெயர். ஐடா அம்மையார் நாற்பது படுக்கைக்காகக் காத்திருந்தால் அந்த ஐயாயிரம் பேர் என்னாயிருப்பர்?

இரண்டாவது, வேண்டியது வேண்டியவாறே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மேரி அம்மையார் நடக்கவில்லை. கேட்ட கதவு திறவாதபோது, திறந்திருக்கும் சிறு சாளரத்தையும் சாத்திவிடாதிருத்தலே நம்பிக்கை.

மூன்றாவது, உதவி கேட்டல் இழிவன்று. ஐடா அம்மையார் வாழ்நாள் முழுவதும் கேட்டார். மேரி அம்மையார் நாற்காலிக்கு மாறவும் பிறர் கையை ஏற்றார். பிறர் கையை ஏற்பதற்கு நாணுபவன், இறைவன் வரும் வழியை அடைப்பவன் ஆவான். ஏனெனில் பெரும்பாலும் அவன் பிறர் கை வழியாகவே வருகின்றான்.

நான்காவதாக ஒன்று சொல்ல வேண்டும். இது நம் ஊருக்கே உரியது. "எளியோரை இறைவன் தாங்குவான்" என்னும் சொல்லை, எளியோர்க்கு உரியதைக் கொடாதிருப்பதற்குச் சாக்காக யாரும் கொள்ளலாகாது. கல்தூசி நம் தந்தையர் நெஞ்சில் ஏறியது இறைவன் திருவுளத்தால் என்று சொல்லுதல் அவனுக்கே இழுக்காகும். நிலுவையைக் கேட்பதும், வீட்டுரிமையைக் கேட்பதும், தூசி பறக்கும் மேடுகளில் மரம் நடுமாறு கேட்பதும் நம்பிக்கைக்கு மாறானவை அல்ல. மூன்று பெண்கள் இறந்ததை விதி என்று விட்டிருந்தால் வேலூரில் மருத்துவமனை எழுந்திராது.

நம் முன்னோர் அறிந்ததே

இவை புதிய கருத்துகள் என்று எண்ண வேண்டா. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் அருளியுள்ளார். சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார் பூசலார், பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. எனவே நெஞ்சிலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து, அடிநிலை முதல் சிகரம் வரை மனத்தால் கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெருங்கற்றளி எடுத்திருந்தான். குடமுழுக்குக்கு இருவரும் ஒரே நாளைக் குறித்தனர். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்நாளில் பூசலார் கோயிலில் புகவிருப்பதால் வேறு நாளைக் குறிக்குமாறு பணித்தார் என்பது வரலாறு. மன்னன் திருநின்றவூருக்குத் தேடிவந்து, கோயில் எங்கே என்று வினவி, உண்மை அறிந்து பூசலாரை வணங்கினான்.

இதைக் கேட்டு, மனத்தில் கட்டினால் போதும் போலும் என்று எண்ணிவிடலாகாது. பூசலார் முதலில் ஊர் ஊராகப் பொருள் தேடினார். கிடையாதபோதும் பணியைக் கைவிட்டாரல்லர். கல் கல்லாக, நாள் நாளாக, ஒழுங்கு தவறாமல் கட்டினார். எஞ்சியிருந்த ஒரே முதலாகிய நெஞ்சத்தை முழுவதும் கொடுத்தார்.

வடலூரையும் எண்ணிப் பாருங்கள். இராமலிங்க அடிகளார் செல்வர் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். பசித்தவரைக் கண்டு பொறாத நெஞ்சம் ஒன்றே அவர் உடைமை. ஊரார் மனமுவந்து அளித்த நிலத்தில், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. அவ்வடுப்பை எரியவைத்தவர் யார்? வண்டி வண்டியாகக் கொடுத்தவரும் உண்டு. ஒரு படி அரிசி, ஒரு கட்டு விறகு என்று கொடுத்தவரும் உண்டு. பெயர் எழுதப்படாத அச்சிறு கைகளைக் கழித்துவிட்டால் அடுப்பு ஏது?

நம் கையில் உள்ளது

இனி நம் ஊருக்கே திரும்புவோம். நம் சுரங்க மருத்துவமனையை எல்லோரும் அறிவீர்கள். நம்மில் பலர் பிறந்த இடம் அதுவே. சுரங்கம் மூடியபின் அதுவும் ஒடுங்கி, பூட்டும் புதருமாகக் கிடந்தது. 2021-ல் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, படுக்கை கிடைக்காமல் மக்கள் தவித்தனர். அப்போது தன்னார்வலர்கள் திரண்டு, சுமார் இருபது ஆண்டுகள் மூடிக்கிடந்த அக்கட்டடத்தில் புதர் வெட்டி, குப்பை அகற்றி, கழுவி, வெள்ளையடித்து, மீண்டும் படுக்கைகள் இட வழிசெய்தனர். அவர்களிடம் இருந்தவை துடைப்பமும் மண்வெட்டியும் வாளியுமே. பாழ் என்று நாம் கைவிட்ட இடம் சில நாட்களில் நோயாளிக்கு இடமாயிற்று.

இந்நிகழ்ச்சியை நாம் மறந்துவிடலாகாது. பெருந்துன்பம் வந்தபோது எழுந்த கைகள், துன்பம் நீங்கியபின் மடங்கிவிட வேண்டுமா? ஆகவே, இச்சங்கத்தின் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கின்றோம். மூன்றும் ஏழை வீட்டிலும் இயல்வன.

ஒன்று, பிடி அரிசி. நம் தாய்மார்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் பழமையானது. கோயிலுக்கும் வைத்தனர், தேவாலயத்துக்கும் வைத்தனர். அவ்வழக்கம் பல வீடுகளில் நின்றுபோயிற்று. நாளுக்கு ஐம்பது கிராம் என்று வைத்தாலும் திங்களுக்கு ஒன்றரைக் கிலோ ஆகும். நூறு வீடுகள் சேர்ந்தால் நூற்றைம்பது கிலோ. துணையற்ற முதியோர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அது ஒரு திங்களின் சோறு. எந்த வீடும் இதனால் ஏழையாகிவிடாது.

இரண்டு, வழித்துணை. வேலூருக்கும் பெங்களூருக்கும் நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பம், எந்த வாயிலில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே காட்டுவது என்று அறியாமல் திகைக்கின்றது. ஏற்கனவே சென்றுவந்தவர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பெயரைச் சங்கத்தில் எழுதி வைத்து, தேவைப்படுவோருடன் ஒருநாள் உடன் சென்றால் போதும். தம் துன்பத்தில் கற்ற வழியைப் பிறர் துன்பத்தில் காட்டுதல், மேரி அம்மையார் செய்ததன் சிறு வடிவமே ஆகும்.

மூன்று, மாலைப் பாடம். நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறுகின்றனர். பத்தாம் வகுப்பு படித்த பெண் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கலாம். சங்கக் கூடத்தில் விளக்கு உண்டு, பாய் உண்டு, வாரம் இருமுறை ஒருமணி நேரம் கொடுப்பார் இருவர் வேண்டும். அவ்விருவரும் இன்று இவ்வவையிலேயே இருக்கின்றனர் என்பது நம் துணிவு.

"இது மிகச் சிறிது" என்று யாரேனும் சொல்லலாம். சிறிதுதான். ஒரு படுக்கையும் சிறிதே. ஒரு பிடியும் சிறிதே. ஒரு சாண் விரலும் சிறிதே. அதனை இறைவன் என்ன செய்வான் என்பது அவன் பொறுப்பு. அதனைக் கொடுப்பது நம் பொறுப்பு. "நம்மால் என்ன ஆகும்?" என்று தொடங்கினோம். அச்சொல்லை முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். நம்மால் மட்டும் ஆகாது என்னும் பணிவு அதில் உள்ளது, அப்பணிவு இருக்கட்டும். ஆனால் நாம் இன்றியும் ஆகாது என்பதை அதனோடு சேர்த்துச் சொல்லிப் பழகுவோம்.

பூமியின் இருட்டில், நெற்றியில் கட்டிய சிறு விளக்கொளியில் நம் தந்தையர் நடந்தனர். அவ்வொளி சுரங்கம் முழுவதையும் காட்டியதில்லை. அடுத்த அடியை வைக்கும் இடத்தைக் காட்டியது. அது போதுமானதாயிருந்தது. அந்த அளவு ஒளி இன்றும் நம்மிடம் உண்டு. பிடி அரிசிக்குரிய பானையைச் சங்கச் செயலாளர் வாயிலில் வைத்துள்ளார்; வழித்துணைக்கும் மாலைப் பாடத்துக்கும் பெயர் எழுதும் ஏடும் அங்கேயே இருக்கிறது. இல்லம் திரும்புமுன் அவ்விடத்தில் சற்றே நின்று செல்லுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.

 சங்கம் வாழ்க! தங்கவயல் தழைக்க!